வால்பாறையிலிருந்து இணைச்சீருக்கு

காலை ஆறரை மணிக்கு வால்பாறையில் பொள்ளாச்சி வண்டி ஏறினேன். பொள்ளாச்சிக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர். வழியில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து உக்கடம், பிறகு காந்திபுரம், கடைசியாக அவிநாசி. சாயங்காலம் அவிநாசி மண்டபத்தில் என் தம்பிக்கு இணைச்சீர், மறுநாள் காலை முகூர்த்தம். என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. தனியாகத்தான் கிளம்பினேன்.

இணைச்சீர் என்றால் என்னவென்று கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தவள் செய்கிற சீர் அது. கூறைச் சேலையின் ஒரு தலைப்பை அவன் பிடிக்க, மறு தலைப்பை அவள் பிடித்துப் பக்கத்தில் நிற்பாள். கல்யாணத்தில் அக்கா தங்கைக்கென்று இருக்கிற ஒரே இடம். என் தம்பிக்கு நான் ஒருத்திதான் உடன்பிறந்தவள்.

அதனால் முகூர்த்தத்தையே என்னைக் கேட்டுத்தான் வைத்தார்கள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அம்மா போன் செய்து, "உனக்கு எப்பக் கண்ணு?" என்றார். தேதி சொன்னேன். அதிலிருந்து பத்து நாள் தள்ளி ஜோசியர் குறித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை பெண் ஜாதகத்தோடு என் வயிற்றையும் சேர்த்துப் பார்த்து வைத்த முகூர்த்தம். அந்த மாதம் பார்த்து, வர வேண்டிய நாளில் வரவில்லை. கல்யாணம் நெருங்க நெருங்கப் பயந்துபோய், மருந்துக்கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கினேன். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

அட்டகட்டி தாண்டியதும் அடிவயிற்றைச் சுண்டி இழுத்தது. வண்டி திரும்பும் குலுக்கல் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இரண்டு வளைவு கழிந்ததும் ஐயமே இல்லாமல் தெரிந்துவிட்டது. எனக்கு வருவது மற்றவர்களுக்கு வருவதுபோல் இல்லை. முதல் நாள் இடுப்பு கழன்றுவிடும்போல வலிக்கும், வாந்தி வரும், மணிக்கொரு தரம் மாற்றியாக வேண்டும். நாலைந்து டாக்டர்களைப் பார்த்தாயிற்று. எல்லோரும் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஏதோ இத்தனை வருஷமாக நான் பொறுக்காமல் இருந்தவள்போல.

நடத்துநரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, கொஞ்சம் நிறுத்த முடியுங்களா? பாத்ரூம் போகோணும்."

"இந்த வளைவுல எங்கீங்க நிறுத்தறது? ஆழியாறு செக்போஸ்ட்ல நிக்கும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க அம்மணி" என்றார். அவரும் அதையேதான் சொன்னார்.

பக்கத்தில் இருந்தவர் தேயிலை பறிக்கிற அம்மா, பொள்ளாச்சியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, "இத மடிச்சுப் போட்டு உக்காருங்க. சேலையில பட்டுட்டா எறங்கறப்பச் சங்கடம்" என்றார். தோட்டத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "செடி மறைவுலதானுங்க. அட்டை வேற கடிக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆழியாற்றில் கழிப்பறை பூட்டியிருந்தது. அதற்குள் துண்டும் நனைந்துவிட்டது. அந்த அம்மா அதைத் திருப்பித் தர வேண்டாமென்று சொல்லிவிட்டார். பொள்ளாச்சி நிலையத்தில் பத்து ரூபாய் கொடுத்து உள்ளே போனேன். தண்ணீர் இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டு, சுவரில் தலையை முட்டுக்கொடுத்து மாற்றினேன். அங்கேதான் அழுதேன். வெளியே ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை. வலி மாத்திரை வாங்கும்போது, "தள்ளிப்போடற மாத்திரை போட்டும் வந்திருச்சுங்களே" என்றேன். "சில பேருக்கு அப்படித்தானுங்க ஆகும்" என்றார் கடைக்காரர், மழை வந்ததைச் சொல்கிறமாதிரி. விற்ற கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

உக்கடம் மேம்பாலம் ஏறும்போது வெயில் கொளுத்தியது. வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. காந்திபுரத்தில் அவிநாசி வண்டிக்கு நிற்கையில் முடிவு செய்தேன்: யாரிடமும் சொல்லப்போவதில்லை. என் உடம்பு, என் தம்பி. சீர் எவ்வளவு நேரம் நடந்துவிடப்போகிறது? நாற்பது கிலோமீட்டரும் இதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் இறங்கும்போது மணி இரண்டு. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓடி வந்து கையைப் பிடித்தார். முகத்தைப் பார்த்தார். "வந்துருச்சா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. மாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "அம்மா, கொஞ்ச நேரந்தானே. யாருக்குத் தெரியப்போகுது?" என்று கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியுமல்ல கண்ணு. நாளைக்கு அந்தப் புள்ளைகளுக்கு ஒண்ணுன்னா, நா உன்னத்தானே நெனைப்பேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னார். பிறகு பெட்டியைத் திறந்து, எனக்கு எடுத்திருந்த சீர்ச் சேலையை வெளியே எடுத்தார். மேலே இரண்டு ரவிக்கைகள் இருந்தன. ஒன்று என் அளவு. இன்னொன்று சின்னது, தங்கை முறையாகும் சித்தப்பா மகள் அளவு. இரண்டும் ஒரே துணி, ஒரே தையல்.

"இதெப்பத் தெச்சீங்க?"

"உன்னுதக் குடுக்கறப்பவே கண்ணு. எதுக்கும் இருக்கட்டும்னு."

பத்து நாள் தள்ளி வைத்த முகூர்த்தம், நான் விழுங்கிய மாத்திரைகள், எதையும் அம்மா நம்பியிருக்கவில்லை. நான் ஒருத்திதான் நம்பியிருக்கிறேன்.

சாயங்காலம் கீழே மேளம் கேட்டது. சுடுதண்ணீர்ப் பையை வயிற்றில் வைத்துச் சுருண்டு படுத்திருந்தேன். சீர் முடிந்து எல்லோரும் பந்திக்குப் போனதும், பின்படி வழியாக இறங்கி யாரிடமும் சொல்லாமல் கோவை வண்டி ஏறினேன். தாலி கட்டுவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்க எனக்கு மனசில்லை. அன்றிரவு காந்திபுரத்தில் தோழி வீட்டில் தங்கினேன்.

மறுநாள் பொள்ளாச்சியில் வால்பாறை வண்டி கிளம்பும்போது தம்பி போன் செய்தான். "சொல்லாமக் கெளம்பீட்டீங்களேக்கா."

"நா மாடியிலதான் இருந்தேன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "அம்மா சொன்னாங்கக்கா. சீருக்கு நேரமாயிருச்சு, மேல வர முடியல" என்றான்.

திட்டுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிடப் போ என்று சொல்லி வைத்துவிட்டேன். வண்டி ஆழியாறு தாண்டி மலை ஏறியது. வால்பாறையில் மழை. அவிநாசியில் அடித்த வெயிலுக்கும் இந்தக் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. இடுப்பில் இன்னும் வலி இருந்தது. அடுத்த மாதமும் இது வரும். என் தம்பி கல்யாணம் இனி வராது.