கையில் கொடுத்த கயிறு

ருக்மிணி அக்காவைப் பற்றிக் கேட்டால் எங்கள் மருத்துவமனையில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சிடுமூஞ்சி என்பார்கள். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்பார்கள். டப்பாவிலிருந்து சித்ரான்னத்தை அள்ளிப் போட்டுக்கொண்டே, அந்த மூலைப் படுக்கைக் குழந்தை வெளிக்குப் போனதா, தண்ணீராகவா கெட்டியாகவா, பச்சையாக இருந்ததா என்று கேட்கிற ஆள் என்று புதிதாக வந்த பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எல்லாம் நிஜம்தான், நான் மறுக்கப்போவதில்லை. அவர் முன்கோபி என்றால் நான் அதைவிட முன்கோபி. அதனால்தானோ என்னவோ, ஒரே வார்டில் இத்தனை வருடம் எங்களுக்குள் ஒத்துப்போனது.

என் பெயர் யூஜின். பெங்களூர் லிங்கராஜபுரத்துக்காரன். குழந்தைகளுக்கான வயிற்று வார்டில் நர்ஸ். ஆம்பிளை நர்ஸா என்று யாராவது இழுத்தால் எனக்குச் சுருக்கென்று வரும், அதனால் கேட்காதீர்கள். பால் தங்காத குழந்தை, உணவுக்குழாய் அடைத்துப் பிறந்த குழந்தை, ஒரு வாரமாக மலம் போகாமல் வயிறு பானையாக உப்பிய குழந்தை என்று எங்கள் வார்டுக்கு வருவதெல்லாம் அந்த ரகம்தான். உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது, இதைப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. பெற்றவர்கள் அழுவார்கள், சண்டைக்கு வருவார்கள், திடீரென்று காலில் விழுவார்கள். எல்லாவற்றுக்கும் நடுவே யாராவது ஒருத்தர் துணியை மாற்றவேண்டும்.

அந்த ஒருத்தர் பெரும்பாலும் ருக்மிணி அக்கா. வீடு சந்தாபுராவில். ஓசூர் ரோடு நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார், நின்றுகொண்டே வேலை செய்வார், நின்றுகொண்டே திரும்பிப் போவார். கால் இரண்டும் வீங்கிப் போய் செருப்பின் வார் பதிந்த தடம் எப்போதும் இருக்கும். அவர் வீட்டுக்காரர் ஷங்கர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனி மூடியபிறகு வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. நல்ல மனுஷன். சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்து மலத்தைப் பற்றிப் பேசாதே என்பது மட்டும்தான் அவர் அக்காவிடம் கேட்டது. அதுகூட அக்காவுக்கு முடியவில்லை.

மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த ஷிஃப்டையும் அக்காதான் பார்ப்பார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஏன் இப்படி மாடாக உழைக்கிறீர்கள், ஒருநாள் முடியாது என்று சொல்லித்தான் பாருங்களேன் என்று நான் கத்துவேன். "சும்னே இருடா யூஜினு, கத்தறதுக்கும் தெம்பு வேணும்" என்பார் கன்னடமும் தமிழுமாக. அவ்வளவுதான்.

கவியரசன் எங்களிடம் முதலில் வந்தபோது பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பா பச்சைமுத்து அரூர்ப் பக்கத்து ஆள், பொம்மசந்திராவில் மெஷின் ஓட்டுகிறவர். அம்மா லாவண்யா, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பே இல்லாமல் பிறந்த பிள்ளை. அந்த இடத்துக்கு வந்ததும் மலம் நின்றுவிடும், அதற்கு அப்பால் நகராது. அவசரமாக ஆபரேஷன் செய்து, இடுப்புக்குச் சற்று மேலே இடது பக்கம் ஒரு துளை போட்டுக் குடலின் வாயை வெளியே எடுத்து வைத்தார்கள். அதன் மேல் ஒரு பையை ஒட்டவேண்டும். மலம் அதில் விழும். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டாவது ஆபரேஷன். நரம்பில்லாத குடலை வெட்டி எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துச் சேர்த்துவிட்டால் அப்புறம் பையே வேண்டாம்.

பையை ஒட்டக் கற்றுக்கொடுப்பது அக்காவின் வேலை. பல அம்மாக்கள் அந்தச் சிவந்த குடல்வாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். லாவண்யா அப்படியில்லை. தோலைக் கழுவித் துடைத்து, அளவு பார்த்து வெட்டி, சுருக்கமில்லாமல் அழுத்தி ஒட்டுவாள். இந்தக் கையை நர்சிங் படிக்க வைத்திருக்கலாம் என்று அக்கா என்னிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவதெல்லாம் ஆடிக்கு ஒன்று அமாவாசைக்கு ஒன்று.

ஆனால் வீட்டுக்குப் போனபிறகு பை நிற்கவில்லை. ஒட்டிய கொஞ்ச நேரத்தில் கீழ் ஓரம் பிரிந்து கசியும். மலம் பட்டுப் பட்டுச் சுற்றியிருந்த தோல் வெந்துபோயிற்று. பிள்ளை வலியில் பால் குடிக்காது, எடை இறங்கும். இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கூட்டிக்கொண்டு வந்தால், புண் ஆறாமல் நான் கத்தி வைக்கமாட்டேன் என்று டாக்டர் ஆராவமுதன் திருப்பி அனுப்பினார். அடுத்த தடவையும் அதே கதை. எடை இப்படியே இறங்கினால் அப்புறம் நான் நினைத்தாலும் செய்யமுடியாது என்று அவர் சொன்னபோது பச்சைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான்.

காரணத்தை அக்காதான் பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது, எனக்கும் தெரிந்ததுதான். பிள்ளையின் இடுப்பைச் சுற்றி கறுப்பாக ஒரு தடம். அரைஞாண் கயிறு கட்டிய தடம். தவழுகிற பிள்ளை, ஒவ்வொரு அசைவிலும் கயிறு மேலே ஏறி பையின் கீழ் ஓரத்தை நெம்பிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வரும்போது லாவண்யா கழற்றிவிட்டு வருவாள், வீட்டுக்குப் போனதும் கட்டிவிடுவாள். கட்டாதே என்று அக்கா பக்குவமாகச் சொன்னார். தலையாட்டினாள். அடுத்த முறை தடம் இன்னும் ஆழமாக இருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் அதற்கும் தலையாட்டினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெளிநோயாளிகள் பகுதியில் கூட்டம் நெரிகிறது. லாவண்யா கயிற்றைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிட்டாள். பை பாதி பிரிந்து தொங்க, சட்டையெல்லாம் மஞ்சள், பிள்ளை வீரிட்டு அழுகிறது. அக்கா முந்தின ராத்திரியும் வேலை பார்த்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தவர். கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றுக்கு அடியில் விட்டார்.

லாவண்யா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த மெலிந்த கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"மறுபடியும் நீங்களா சிஸ்டர்?" என்றாள். "அன்னிக்கும் நீங்கதான அறுத்தீங்க. அறுத்து என் கையில குடுத்துட்டுப் போனீங்க. ஆம்பளப் புள்ள இடுப்புலேர்ந்து கயித்த எப்ப அறுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் தமிழுதான?"

பிறகு அவள் அழுகையும் விக்கலுமாகச் சொன்னதைக் கேட்டோம். முதல் ஆபரேஷன் அன்று பிள்ளையை அவசரமாக உள்ளே கொண்டுபோனபோது அவள் வெளியே நின்றிருக்கிறாள். ஆபரேஷன் அறைக்குள் கயிறு, தாயத்து, வளையல் எதுவும் போகக்கூடாது. அது எங்கள் விதி. அக்கா கயிற்றை அறுத்திருக்கிறார். அதில் இரண்டு வெள்ளி மணி கோத்திருந்தது, தொலைந்துவிடக் கூடாதே என்று ஒரு துண்டு பஞ்சுத்துணியில் சுற்றி, வீட்டுக்குக் கிளம்பும்போது லிஃப்ட் பக்கத்தில் நின்ற லாவண்யாவின் கையில் வைத்து, வச்சுக்கோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லாவண்யா பிரித்துப் பார்த்தாள். அறுந்த கயிறு. அவர்கள் ஊரில் ஆண்பிள்ளை இடுப்பிலிருந்து அதை அறுப்பது உயிர் போனபிறகுதான். பிள்ளை போய்விட்டது, வாயால் சொல்ல மனசு வராமல் இதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். பச்சைமுத்துவுக்குப் போன் செய்து, நம்ம புள்ள இல்லீங்க என்று சொல்லிவிட்டாள். அவர் ஊருக்குச் சொல்ல, அரூரிலிருந்து சொந்தக்காரர்கள் மாலையும் கையுமாக வண்டி ஏறிவிட்டார்கள். வந்து பார்த்தால் பிள்ளை உயிரோடு கிடக்கிறது. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மாடிப்படி அடியில் வைத்துவிட்டுப் போனார்களாம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை வாங்கியாகிவிட்டது, அந்தத் தோஷத்துக்கு இனி கயிறு இடுப்பைவிட்டு இறங்கவே கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வருகிறபோது கழற்றுவதுகூட அவருக்குத் தெரியாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான்.

அக்கா கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விதி அப்படித்தானே, அக்கா வேண்டுமென்றா செய்தார் என்று நான் ஏதோ பேச வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"எனக்கு அது ஞாபகமே இல்லம்மா" என்றார். "பொய் சொல்லல. குடுத்தேன்னா குடுத்திருப்பேன். பஸ்ஸப் புடிக்க ஓடியிருப்பேன். என் மகனுக்கும் நான்தான் கட்டுனேன், எனக்குத் தெரியாம இல்ல. ஆனா தோணல. தப்புதான்."

லாவண்யா அவர் கையை விட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. பிள்ளையின் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அக்கா என்னோடு வந்து நின்றார். இரண்டு பஸ் போயிற்று, ஏறவில்லை. அந்தப் பெண் எத்தனையோ மாதமாக அந்தக் கயிற்றையே நினைத்துக்கொண்டு கிடக்கிறாள், எனக்கு அது ஒரு நிமிஷம்கூட நினைவில் தங்கவில்லையே, இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் கையில் என்னத்தைக் கொடுத்துவிட்டுப் போனேனோ என்றார். அவர் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

பழைய கயிறு இருக்கும்போதே புதியதைக் கட்டிவிட்டால் உடம்பு வெறுமையாக ஒரு நொடிகூட இருக்காது என்பது லாவண்யா சொன்ன வழி. எங்கே கட்டுவது என்பது அக்கா சொன்ன வழி: இடுப்பில் வேண்டாம், மேலே விலா மேல், ஒரு விரல் போகிற மாதிரித் தளர்வாக. மாமியாருக்கு என்ன பதில் சொன்னாளோ, அது அவள் பாடு. அடுத்த முறை வந்தபோது எங்கள் அறையிலேயே புதுக்கயிற்றைக் கட்டிவிட்டு, பழைய கயிற்றின் முடிச்சைத் தானே நகத்தால் கிள்ளிக் கிள்ளி அவிழ்த்தாள். நெடுநேரம் ஆயிற்று. வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டு நின்றார்.

பை நின்றது. புண் ஆறியது. எடை ஏறியது. டாக்டர் ஆராவமுதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, இப்போது செய்யலாம் என்று நாள் குறித்தார்.

ஆபரேஷன் அன்று காலை விலாக் கயிற்றையும் எடுத்தாகவேண்டும். இந்தத் தடவை புதிது கட்டவும் முடியாது. வெறும் உடம்போடுதான் பிள்ளை உள்ளே போகவேண்டும். அக்கா டாக்டரிடம் கேட்டு லாவண்யாவை ஆபரேஷன் அறையின் கதவுவரை வரவிட்டார். கதவடியில் அவளே அவிழ்த்தாள். கயிற்றை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

"இது என் கையில இருக்கிற வரைக்கும் நீங்க போகக்கூடாது சிஸ்டர்."

அக்கா ராத்திரி ஷிஃப்ட் முடித்த ஆள். என் கோபத்தைக் கேட்கவேண்டுமா? வீட்டுக்குப் போய் விழுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லச் சொல்ல, அக்கா ஷங்கருக்குப் போன் செய்து சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கதவுக்கு எதிரே சுவரோரம் தரையில் லாவண்யா பக்கத்தில் உட்கார்ந்தார். பச்சைமுத்து நிற்க மாட்டாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். நான் வார்டுக்குத் திரும்பினேன்.

மதியம் போல டாக்டர் வெளியே வருகிறார் என்று தகவல் வந்ததும் ஓடினேன். அக்கா லாவண்யாவின் தோளில் தலை சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கால் இரண்டையும் நீட்டியிருந்தார், செருப்பு ஒரு பக்கம் கிடந்தது. துணைக்கு இருக்கச் சொன்னால் தூங்கிவிட்டாரே, எழுப்பலாம் என்று குனிந்தேன். லாவண்யா கண்ணாலேயே என்னைத் தடுத்தாள். அவள் தோள் மரத்துப்போயிருக்கும், எப்போதிலிருந்து அப்படியே அசையாமல் இருக்கிறாளோ.

கதவு திறந்தது. டாக்டர் ஆராவமுதன் முகமூடியை இறக்கிவிட்டு, கவியரசன் அம்மா யார் என்று உரக்கக் கேட்டார். லாவண்யா விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா சொல்லுங்க சார்" என்றாள். "சிஸ்டர் தூங்குறாங்க. எம் புள்ளைக்கு ஒண்ணுன்னா அவங்களுக்குத் தூக்கம் வருமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையன் நன்றாக இருக்கிறான், எல்லாம் சரியாக முடிந்தது, இனி பை வேண்டாம் என்று காதோடு காதாகச் சொன்னார். லாவண்யாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மூச்சுச் சத்தம்கூட வராமல், தோளை மட்டும் அசைக்காமல் அழுதாள்.