வலது புருவம் ஒரு நூல் மேலே

ஏழாம் வகுப்புக்கு மண்பானை வரையச் சொல்லிவிட்டு வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தபோது கல்பனா ஃபோன் செய்தாள். “டீச்சர், அம்மா போயிட்டாங்க” என்றாள். “எந்த ஊருக்கு?” என்று கேட்டுவிட்டேன். பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாணம், காட்டுமன்னார்கோயிலில் ஒரு வளைகாப்பு என்று அலங்காரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்போதும் எங்காவது போய்க்கொண்டே இருப்பவர் அவளுடைய அம்மா. மறுமுனையில் அவள் உடைந்து அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு விளக்கேற்றியிருக்கிறார். நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி, வாடிக்கையாளர்கள் உட்காரும் சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். ஐம்பத்தொரு வயது.

சிதம்பரம் கீழவீதிப் பக்கத்துச் சந்தில் பியூட்டி பார்லர் நடத்திய பரமேஸ்வரியை, எங்கள் பரமுவை, இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் கல்யாண ஆல்பத்தில் இருப்பது அவர் செய்த அலங்காரமாக இருக்கலாம். ஆனால் அவர் ஒரு ஓவிய ஆசிரியைக்கு முகம் வரையக் கற்றுக்கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஆசிரியை நான். கடலூரில் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தைந்து வருடமாக ஓவியம் சொல்லித்தருகிறேன்.

நாங்கள் முதலில் சந்தித்தது ஒரு சண்டையில். என் சித்தி மகள் மீனாவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். பரிசாக அவள் முகத்தைப் பென்சிலில் வரைந்து சட்டம் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மண்டபத்து மாடியில் மணமகள் அறை. சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்து, “அப்படியே இருக்குது!” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அலங்காரம் செய்துகொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், மீனாவைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்குதுங்க. ஆனா இது இவ இல்ல. இவளுக்கு ஒரு அக்கா இருந்தா இப்படி இருப்பா.”

எனக்குக் காது சுட்டது. “எதை வச்சுச் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“நீங்க ரெண்டு புருவத்தையும் ஒரே மாதிரி போட்டிருக்கீங்க. இவ வலது புருவம் எடதவிட ஒரு நூல் மேல. நான் இப்பத்தான் எடுத்தேன்.”

ஆசாரிக் கணக்கில் ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அதைச் சொன்னாரா, புருவம் எடுக்க விரலில் சுற்றியிருந்த தையல் நூலின் கனத்தைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் கோபம் கோபம்தான். ஆனால் மீனா சிரித்துவிட்டாள். “அதான் பாத்தேன்! என்னமோ இடிக்குதேன்னு நெனச்சேன். எப்படிச் சொல்றதுன்னுதான் சும்மா இருந்தேன்” என்றாள்.

கடலூருக்குத் திரும்பியதும் என் பழைய படங்களையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள், என் மாமியார். எல்லார் புருவமும் ஒரே உயரத்தில், ஒரே வளைவில் இருந்தன. எல்லாருக்கும் ஒரே மூக்கு. இத்தனை வருடமாக நான் ஒரே முகத்தைத்தான் வரைந்து, அதற்கு மீசை வைத்தும் பொட்டு வைத்தும் பேரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை பள்ளி விட்டதும் பஸ் ஏறினேன். கடையில் பரமு தனியாக உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“திட்ட வந்தீங்களா டீச்சர்? கல்யாண வீட்ல அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரும் திட்டுச்சு.”

“இல்ல. இன்னும் என்னென்ன தப்புன்னு கேக்க வந்தேன்” என்று சொல்லிப் பையிலிருந்து படங்களை எடுத்து வைத்தேன்.

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று புருவம் எடுக்க அதிகம் பேர் வரமாட்டார்கள். ஃபேஷியலுக்கோ தலைக்கு டை அடிக்கவோ வரும் ஓரிருவரைப் பரமு கெஞ்சி உட்கார வைப்பார். நான் இருபது நிமிடத்தில் அவர்களை வரைய வேண்டும். பிறகு படத்தைக் கண்ணாடியில் காட்டுவார். இடம் வலம் மாறியதும் கோணல்கள் எல்லாம் துள்ளிக்கொண்டு வெளியே வரும். அதன்பின் தீர்ப்பு. “நல்லாருக்கு” என்ற சொல்லுக்கு அந்தக் கடையில் இடமில்லை. “நல்லாருக்குன்னா, நான் ஒழுங்கா பாக்கலன்னு அர்த்தம் டீச்சர். பாத்தவுங்களுக்குச் சொல்ல எதனா ஒண்ணு இருக்கும்” என்பார்.

அவர் தேவனாம்பட்டினத்துப் பெண். அம்மா மீன் விற்றவர். “எங்கம்மா மீனோட கண்ணப் பாத்தே நேத்துப் புடிச்சதா இன்னிக்குப் புடிச்சதான்னு சொல்லும். நான் மனுசங்க மூஞ்சியப் பாக்குறேன், அவ்ளோதான் வித்தியாசம்” என்று ஒருமுறை சொன்னார். ஆனால் அவர் முகத்தைப் பார்ப்பது கண்ணால் மட்டுமல்ல என்று எனக்கு ஒரு நாள் தெரிந்தது. ஒரு பாட்டியின் கன்னத்தை எவ்வளவு முயன்றும் என்னால் பிடிக்க முடியவில்லை. பரமு என் பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, “கண்ண மூடிக்கிட்டு என் மூஞ்சியத் தொடுங்க” என்றார். தயங்கினேன். “அட, தொடுங்க. எனக்கு இதானே வேலை.” தொட்டேன். கன்னத்து எலும்பு எங்கே எழும்புகிறது, எங்கே மெல்ல இறங்கிக் குழிகிறது, தாடை எங்கே திரும்புகிறது என்று விரல் சொன்னது. “நீங்க கோடு போடுறீங்க. மூஞ்சில கோடே கெடையாது டீச்சர். மேடும் பள்ளமும்தான். ஃபேஷியல் பண்றவளக் கேட்டா சொல்லுவா.” பயிற்சிக் கல்லூரியில் இதையே பல சொற்களில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் கைக்கு அது வந்தது அன்று மாலைதான்.

சில மாதம் கழித்து பரமுவுக்கும் ஆசை வந்தது. நான் விட்டுவந்த தாள்களின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். ஒரு செவ்வாயன்று, கணவர் செல்வத்தை வரைந்திருந்த படத்தைக் கூச்சத்தோடு நீட்டினார். செல்வம் ஆட்டோ ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். படத்தில் அவருடைய ஒரு கண் நெற்றிக்குப் போயிருந்தது. காதுகள் வேகாத முறுக்கு போல ஒட்டிக்கொண்டிருந்தன. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. “ரொம்ப நல்லாருக்கு பரமு” என்றேன்.

அவர் முகம் மாறியது. படத்தை வாங்கி மடித்து மேசை டிராயரில் போட்டார். அடுத்த வாரம் போனபோது கடை பூட்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் திறந்திருந்தது. ஆனால், “இன்னிக்கு வேலை ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டார். கடையில் ஒருவர்கூட இல்லை.

நான் போகாமல் அங்கேயே உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

“நான் ஒங்களுக்கு உண்மையச் சொன்னேன். ஒங்களுக்குக் கோவம் வந்துச்சு, இருந்தாலும் சொன்னேன். நீங்க எனக்குப் பொய் சொல்றீங்க. ஏன்? இவ எட்டாவதோட நின்னவ, இவளுக்கு இது போதும்னா?”

அதுதான் உண்மை. அவருக்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். என் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இதே போதும் என்று நினைத்திருப்பேன் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதே மனதில் ஓடியது. “அந்தப் படத்த எடுங்க” என்றேன். எடுத்தார். கண், காது, கழுத்து, தலைமுடி கிளம்பும் இடம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன். பதினோரு தப்பு. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் காதைக் காட்டி முறுக்கு என்று சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலில் ஆட்டோவில் இருந்த செல்வம் என்னவோ ஏதோவென்று இறங்கி ஓடிவந்தார். “ஒன் காதப் பாத்துத்தான்யா சிரிக்கிறோம்” என்றார் பரமு. பிறகு என்னைப் பார்த்து, “இப்பத்தான் டீச்சர் என்ன மதிச்சீங்க” என்றார்.

அன்றிலிருந்து நான் வகுப்பில் பிள்ளைகளிடம் பேசும் விதம் மாறியது. எங்கே சரியாக வந்திருக்கிறது, எங்கே தவறியிருக்கிறது என்று இடத்தைத் தொட்டுச் சொல்கிறேன். முதல் மாதம் இரண்டு பேர் அழுதார்கள். மூன்றாம் மாதம் யாரும் நான் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களே வந்தார்கள்.

எங்கள் தலைமையாசிரியை ஓய்வுபெற்றபோது அவரை வரையும் பொறுப்பு வழக்கம்போல எனக்கு வந்தது. அம்மையாருக்குப் பெரிய தாடை. அதட்டினால் மூன்று கட்டிடம் தாண்டிக் கேட்கும். பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தேன். விழாவுக்கு முதல்நாள் சக ஆசிரியர்கள் பார்த்துவிட்டு, “தாடையக் கொஞ்சம் கொறைச்சிடுங்களேன், மேடையில வேற குடுக்கப் போறோம்” என்றார்கள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பரமுவுக்கு ஃபோன் செய்தேன். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தார். “தாடைய எடுத்துட்டா அந்தம்மாவோட அதட்டல எங்க வைப்பீங்க?” என்று கேட்டார். பிறகு, “எடது கண்ணு மட்டும் தூங்குது, அத எழுப்புங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கண்ணை எழுப்பினேன். தாடையைத் தொடவில்லை. மறுநாள் மேடையில் அம்மையார் உறையைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் என் கையைக் கிள்ளினார். அம்மையார் மைக்கை இழுத்து, “இத்தனை வருஷமா இந்தத் தாடைய வச்சுத்தான் ஸ்கூல நடத்துனேன். இத ஒழுங்கா பாத்தது இந்த ஒரு ஆள்தான்” என்றார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. அன்று மாலையே பஸ் ஏறிப் போய்ப் பரமுவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். கூடவே, “கழுத்து கொஞ்சம் நீளம், நேத்தே சொல்லிருப்பேன், நீங்க பயந்துபோயி இருந்தீங்க” என்றார்.

பரமு போன மூன்றாம் நாள் கல்பனா என்னிடம் ஒரு படத்தைக் காட்டினாள். காரியத்துக்கு வைப்பதற்காக ஸ்டுடியோவில் பெரிதாக்கி வாங்கிவந்தது. மூக்கோரத்து மச்சத்தைக் காணவில்லை. தோல் பீங்கான்போல வழுவழுவென்று இருந்தது. “அம்மா இதப் பாத்தா ஸ்டுடியோவுக்கே போயி சண்ட போடுவாங்க. நீங்க வரைஞ்சு குடுங்க டீச்சர்” என்றாள்.

ஒரு வாரம் வரைந்தேன். நான் நன்றாகத் தொட்டறிந்த முகம் அது. மச்சம், கன்னத்து மேடு, சின்ன வயதில் படகில் இடித்துக்கொண்ட நெற்றித் தழும்பு எல்லாம் வந்தன. இருந்தும் ஏதோ ஒன்று இல்லை. எது என்று சொல்ல வேண்டியவர்தான் போய்விட்டாரே. துக்க வீட்டில் யாரும் குறை சொல்லமாட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தோடு, காரியத்துக்கு இரண்டு நாள் முன்பு படத்தை எடுத்துப் போனேன்.

நினைத்தபடியே சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்கள். கல்பனாவும் கடையில் வேலை செய்யும் பெண்ணும் கட்டிக்கொண்டு அழுதார்கள். செல்வம் மட்டும் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். நெற்றியைச் சுருக்கினார். என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க” என்றேன்.

“எல்லாம் சரியாத்தான் டீச்சர் இருக்குது” என்றார் அந்தப் பேசாத மனிதர். “ஆனா கட்டிக்கிட்ட நாள்லேருந்து அவ வாய மூடி நான் பாத்ததே இல்லயே.”

கல்பனா அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். “ஆமா டீச்சர், பல்லுல நூலக் கடிச்சிக்கிட்டே பேசுவாங்க!” வீடே சிரித்தது. வந்திருந்த வயதான உறவினர்கள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்வமும் சிரித்தார், சிரித்தபடியே சுவரில் சாய்ந்து அழுதார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து புதிதாக ஒரு தாளில் வரைந்தேன். உதடுகள் சற்றே பிரிந்து, கீழ்வரிசைப் பல் லேசாகத் தெரிய, எதிரே இருப்பவரிடம் ஏதோ சொல்லப்போகிற முகம். செல்வம் பக்கத்திலேயே உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம்… போதும், போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படம்தான் காரியத்தன்று பூமாலையோடு இருந்தது. இப்போது கல்பனா நடத்தும் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

பரமுவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் கண் எனக்கு வரவில்லை, இனியும் வராது. வந்தது ஒன்றுதான். என் படத்துக்கு முன்னால் ஒருவர் தயங்கி நின்றால் முன்பெல்லாம் பேச்சை மாற்றுவேன். இப்போது பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.

போன செவ்வாயன்று கடைக்குப் போயிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு பெண், ஃபேஷியலுக்காகக் காத்திருந்தவர், சுவரில் இருந்த பரமுவையே பார்த்துக்கொண்டிருந்தார். வரைந்தது நான் என்று கல்பனா சொன்னதும் சங்கடமாகத் திரும்பினார்.

“நான் இவுங்ககிட்ட ரொம்ப வருஷமா வந்துக்கிட்டிருந்தேங்க. ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.