பேர் எழுதாத வளையம்

மகளின் பிறந்தநாளுக்காக இன்று மைதா பசை காய்ச்சினேன். அந்த வாசனை, ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது. இப்போது அங்கே கம்பெனி லாரிகள் நிற்கின்றன.

அன்று ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே காகித மாலைதான். கம்பெனியில் கழித்துப்போட்ட ஜிகினாத் தாளை வெட்டி, குழந்தைக்கு ஒரு வளையமென்று பேரெழுதி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோர்த்து ஒட்டுவார் பக்கத்து வீட்டு மஞ்சு அக்கா. யாருக்குப் பிறந்தநாளோ அவர்கள் வீட்டில் அது தொங்கும், மறுநாள் அக்காவின் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

கடைசி வளையத்தில் மட்டும் பேரில்லை. வயிற்றிலிருந்த பிள்ளைக்காக அக்கா முன்கூட்டியே ஒட்டியது. பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. பிறகு குடிவந்த என் பேர் வளையத்தை அதில்தான் கோர்க்க வேண்டியிருந்தது. “அத எடுத்துட்டு ஒட்டலாமே மஞ்சு,” என்று அம்மா தயங்கினாள். “இர்லி பிடு, இருக்கட்டும் விடு, அதுவும் நம்ம லைன் கொழந்ததானே,” என்றார் அந்தக் கன்னடக்கார அக்கா. என் ஒவ்வொரு பிறந்தநாளிலும், ஃபேன் காற்றில் மாலை ஆடும்போதெல்லாம், அந்த வளையம் என்னைப் பிடித்து இழுப்பதாகவே தோன்றும்.

“அம்மா, இதுல பேரே இல்லயே?”

இன்று ஒட்டிக்கொண்டிருந்த மாலையை மகள் தூக்கிக் காட்டினாள். அவள் அப்பாவுக்கும் எனக்குமாக இரண்டு வளையம்தான் ஒட்டியதாக நினைத்திருந்தேன். மூன்று இருந்தன.

“இர்லி பிடு,” என்றது என் வாய்.

அவள் தன் பேரெழுதிய வளையத்தை அதற்குள் நுழைத்து, பசை காயும்வரை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.