எஸ்தருக்குப் போட வேண்டிய ஊசி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் நடுவே பேசவே கூச்சப்படுகிறவன் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப்போல் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்காவது இது உதவலாம்.

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையின் துணி வெளுக்கும் பிரிவில் இருபது வருடமாக வேலை. அங்கே டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். விடுப்பில் செம்பாக்கம் வீட்டுக்கு வந்த எனக்கு, தாம்பரத்தில் டாக்டரம்மா என் மனைவி எஸ்தரை வெளியே அனுப்பிவிட்டு என்னோடு மட்டும் பேசியது விநோதமாகப் பட்டது. ஆனால் அப்படிக் கேட்டுக்கொண்டதே நாங்கள்தான்.

எஸ்தருக்கு மூளையில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். புற்றுநோய் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. "சொன்னா பயத்துலயே பூடுவா மச்சான். வெறும் கட்டின்னே இருக்கட்டும்" என்று அப்போது மஸ்கட்டில் இருந்த என்னிடம் போனில் சொன்னார் அவள் அண்ணன் அந்தோணி. நானும் சரி என்றேன்.

இப்போது அவள் இடது கால் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அது நுரையீரலுக்கு நகர்ந்தால் உயிருக்கு ஆபத்து. உறையாமல் இருக்க ஊசி போட்டால், கட்டி எடுத்த இடத்தில் ரத்தம் கசியக்கூடும். "இப்ப தலையில கசிவு இல்ல. போடறது நல்லதுன்னுதான் நான் சொல்வேன். காலையில முடிவு சொல்லுங்க, தள்ளிப்போடாதீங்க. நடுவுல மூச்சு வாங்கினா உடனே வந்துடணும்" என்றார் டாக்டரம்மா.

ஷேர் ஆட்டோவில் எஸ்தர் பக்கத்தில் இருக்க, மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. சரி என்று சொல்லிக் கசிந்துவிட்டால் நான் செய்ததாகிவிடும். வேண்டாம் என்றாலும் அப்படித்தான். மஸ்கட்டில் ஒருமுறை போர்வை எடுக்க வார்டுக்குப் போனபோது, ஓர் ஓமான்காரர் கட்டிலில் தலைகுனிந்து இருந்தார். எதற்கும் நாங்கள் சொல்கிற "மாஃபி முஷ்கில்", பிரச்சினை இல்லை, என்பதை அவரிடமும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, "இருக்கிறது. அது என்னுடையது" என்றார். கோபித்துக்கொண்டார் என்று பயந்து பாதிப் போர்வைகளோடு ஓடிவந்துவிட்டேன். அது கோபமில்லை என்பது ஆட்டோ காமராஜபுரம் தாண்டும்போதுதான் உறைத்தது.

வீட்டில் அவளே கேட்டாள். "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. வீக்கத்துக்கு ஊசியாம்."

"ஒண்ணுமில்லாததுக்கா வாயத் தெறக்காம வந்தே? ஆறு வாரம் கரண்ட் வெக்கிற எடத்துல குந்திகினு இருந்தேன்யா. அங்க எல்லாரும் கேன்சருக்கு வராங்க, நான் மட்டும் ஜலதோஷத்துக்கு வந்தேனா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வீங்கிய காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"தலையில கசிஞ்சா பேச்சு பூடுமா?"

"போலாம். எங்க கசியுதுன்றத பொறுத்தாம்."

"மூச்சு நின்னா மட்டும் பேசிகினா இருப்பேன்? போட்டுக்கறேன். டாக்டரம்மாகிட்ட நானே பேசறேன், கேக்க வேண்டியது நெறைய கீது. நீ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தபா வர்ற ஆளு. இந்த ஒடம்பு தெனம் என்கூட கீது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும்னு அண்ணன்கிட்ட சொல்லாத. அது பயத்துலயே பூடும்."

ஊசி போட்டால் சின்ன வெட்டுக்கும் ரத்தம் சீக்கிரம் நிற்காது என்பதையும் சொல்லியிருந்தேன். "அப்போ மீன் இனிமே நீதான்" என்று சங்கரா மீன் பையை என்னிடம் நீட்டினாள். மஸ்கட் அறையில் எட்டுப் பேருக்குச் சமைக்கிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு கத்தியை எடுப்பேன். இங்கே அரிவாள்மணையை மூன்று இடத்தில் தேடிவிட்டு, என் வீட்டிலேயே, எங்கே என்று கேட்டேன். "சிங்க்குக்குக் கீழ பாரு, விருந்தாளி" என்றாள். விடுப்பு முடிய மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலை எஸ்தர் டாக்டரம்மாவிடம் பேசினாள். பதினோரு மணிக்கு வயிற்றில் முதல் ஊசி போட்டார்கள்.