பிரேக்கை மிதித்தது யார்?

இது நிஜமாக நடந்ததா என்று சங்கையாவிடம் கேட்டுப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வான். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன் அவன். அவன் பெண்டாட்டி மூக்கம்மாள் சொன்னதையும், அவன் ஒரே ஒரு முறை உடைந்துபோய்ச் சொன்னதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஒரு சொல்கூட முரண்படவில்லை. எழுபத்தொன்றாம் வருஷம், ஆடி மாதம். பேய் என்றால் நடுராத்திரி என்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

பூப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில் சங்கையாவுக்கு வேலை. பங்களாக் கொட்டகையில் கோழி முட்டையிட்டுக் கிடந்த பழைய கறுப்பு பிளசர் காரை இரும்பு விலைக்கு வாங்கி, தானே உருட்டிப் புரட்டி ஓட வைத்தான். மெக்கானிக்கின் நிழல்கூட அதன்மேல் பட்டதில்லை. மெக்கானிக்குக்குக் கொடுக்கக் காசு எங்கே இருக்கிறது? ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கச் சவக்காரக் கட்டி. ஃபேன் பெல்ட் அறுந்தால் மூக்கம்மாளின் சேலைக் கிழிசல். பிரேக்குக்குள் போடும் ரப்பர் வாஷரைக்கூட சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டித்தான் போட்டிருந்தான். "அதுல மட்டும் விளையாடாத" என்றான் லாரி டிரைவர் சூசையப்பன். சங்கையா யார் பேச்சைக் கேட்டான்!

பிரேக்கில் காற்றுப் புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்து, சக்கரத்துப் பக்கம் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். அடியில் கிடப்பவன் கத்தினால் மேலே கேட்காது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஸ்பேனரால் இரும்பில் ஒரு தட்டு என்றால் மிதி. இரண்டு தட்டு என்றால் விடு. மூக்கம்மாளுக்கு அது பழகிய வேலை.

அந்த ஆடியில் அவர்களுடைய ஒரே பிள்ளை மாரித்தாய் காய்ச்சலில் விழுந்தாள். ஆறு வயசு. கால் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று ஓயாமல் அழுதாள். எஸ்டேட் கோயில் பூசாரி கருத்தப்பாண்டி விளக்கெண்ணெயில் பிள்ளையின் பேரைச் சொல்லி ஓதிக் கொடுத்தார். "பிள்ள கால்ல மட்டும் தேயி. வேற எதுலயும் ஒரு சொட்டுப் படக்கூடாது" என்றார். காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் வலிப்பும் வந்தது. டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் கையை விரித்துவிட்டார். "பொழுது சாயறதுக்குள்ள போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரு. இல்லேன்னா பிள்ள தங்காது" என்றார்.

பஸ் வரவில்லை. சங்கையா வண்டியை எடுத்தான்.

போடிமெட்டு தாண்டி இறக்கம் தொடங்கிய மூன்றாவது வளைவில் பெடல் பொதக்கென்று தரையோடு போய் உட்கார்ந்தது. கியரை இழுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ மலைப்பக்கத்து மண்மேட்டில் முட்டி நிறுத்தினான். எதிர்ப்பக்கம் பள்ளம். எவ்வளவு ஆழம் என்று மூடுபனியில் தெரியவில்லை.

சைக்கிள் டியூப் வாஷர் பிய்ந்து பிரேக் ஆயில் முழுக்க ஒழுகிப் போயிருந்தது. வேறு வாஷர் கையில் இருந்தது. மாற்றினான். ஆனால் ஆயில் இல்லை. ஆத்திர அவசரத்துக்கு லாரிக்காரர்கள் விளக்கெண்ணெய் ஊற்றி ஓட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். மூக்கம்மாள் மடியில் எண்ணெய்க் குப்பி இருந்தது.

"அதக் குடு."

"இது ஓதுன எண்ணெய்லா! பிள்ள காலத் தவிர வேற எதுலயும் படக்கூடாதுன்னு..."

"பிள்ள பொழைக்கணுமா, வேண்டாமாட்டி?"

கொடுத்துவிட்டாள். பாவம், வேறென்ன செய்வாள்?

எண்ணெயை ஊற்றிவிட்டு, சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து அடியில் நுழைந்தான். மூக்கம்மாள் ஸீட்டில் ஏறினாள். டங்... மிதித்தாள். டங் டங்... விட்டாள். ஒரு சக்கரம் முடிந்தது. பக்கத்தில் ஓடை இரைந்துகொண்டிருந்தது. அவன் மறுபக்கச் சக்கரத்துக்கு நகர்ந்தான்.

டங்.

பெடலின் இரும்புத் தண்டு அவன் தலைக்கு நேரே இறங்கியது. மூக்கம்மாளின் மிதி பட்டென்று இறங்கும். இது மெதுவாக இறங்கியது. நடுங்கிக்கொண்டே இறங்கியது.

களைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். நிப்பிளைத் திறந்தான். எண்ணெய் பீறிட்டது. மூடினான்.

டங் டங்.

தண்டு மேலே போனது. மறுபடி தட்டினான். மறுபடி இறங்கியது. காற்றுக் குமிழி எல்லாம் போய்விட்டது. கையில் வழிந்த எண்ணெய் சுட்டது. இஞ்சின் அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அப்புறம் ஏன் சுடுகிறது?

அப்போதுதான் பார்த்தான்.

ஓடைப் பக்கமிருந்து, பனிக்குள்ளே, இரண்டு கால்கள் வந்தன.

மெட்டி போட்ட கால்கள். மூக்கம்மாளின் கால்கள். அவள் இடுப்பிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் தொங்கின.

"ஏட்டி... நீ எங்கன போன?"

"பிள்ளைக்குத் தாகம்னு ஓடைக்குப் போனேன். சொல்லிட்டுத்தான போனேன்?"

"எப்ப?"

"ஒரு சக்கரம் முடிஞ்சதுமே."

அப்படியானால் இவ்வளவு நேரம்...

கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. இரும்பில் பட்டது.

டங்.

தண்டு இறங்கியது.

அப்படியே நின்றது. நடுங்கியது.

வெளியே பிள்ளை முனகியது. அவன் காதில் அது விழுந்தும் விழாமலும் போனது. வெளியே வரலாம் என்றால் சட்டை சைலன்சர் கம்பியில் மாட்டிக்கொண்டது. வண்டியோ மேலே. அவனோ அடியில். ஸீட்டில் என்ன இருக்கிறதோ!

தண்டு விடவில்லை.

தட்டினால்தான் விடும்.

கை தானாகப் போனது. டங்... டங்.

விட்டது.

சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே உருண்டான். கதவைத் திறந்து பார்த்தான். ஸீட்டில் யாருமில்லை. காலடி ஈரம்கூட இல்லை.

எந்த மனுஷனும் மறுபடி அந்த ஸீட்டில் உட்கார மாட்டான். ஆனால் அந்த நேரம் பார்த்து மாரித்தாயின் கண் மேலே செருகியது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. சங்கையா உட்கார்ந்தான். மூக்கம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

முதல் வளைவு. வெறுங்காலால் மிதித்தான். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஆனால் பெடல் கொதித்தது. காய்ச்சல்காரன் உடம்பைத் தொட்டதுபோல உள்ளங்கால் சுட்டது.

பின்னால் பிள்ளை வீறிட்டது.

"வலிப்பா?"

"நீங்க ஓட்டுங்க."

அடுத்த வளைவு. மிதித்தான். பிள்ளை அலறியது. பிள்ளை அலற அலற அவன் வேகத்தைக் கூட்டினான். வேகம் கூடக் கூட வளைவுகளில் இன்னும் ஓங்கி மிதிக்க வேண்டியிருந்தது.

"ஏட்டி, பிள்ளைக்கு என்ன செய்யுது?"

கண்ணாடியில் பார்த்தான். மூக்கம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடிவாரம் வந்தபோது பிள்ளையின் சத்தம் நின்றிருந்தது.

போடி ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துவிட்டார்கள். வலது காலைப் பிடிக்க முடியவில்லை. துணிபோலத் துவண்டு கிடந்தது. இந்த மாதிரிக் காய்ச்சலில் இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். உயிர் தங்கியதே என்று சங்கையா அவர் காலில் விழுந்தான். வண்டியை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய கார் வாங்க வந்த கோவிந்தாபுரத்து வியாபாரி ஒருவனிடம் அதைத் தள்ளிவிட்டு, பீடை ஒழிந்தது என்று தலைமுழுகினான். அந்த வளைவில் விழுந்து செத்த ஏதோ ஒரு டிரைவரின் பேய் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். பேயாக இருந்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மூக்கம்மாள் வாயைத் திறந்தாள்.

"ஓடையில தண்ணி குடுத்துக்கிட்டிருந்தேன். நீங்க தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஒரு தட்டு... பிள்ளையோட வலது காலு வெறச்சு நீண்டுச்சு. ரெண்டு தட்டு... தொய்ஞ்சிருச்சு. வலிப்புன்னு நெனச்சேன். வண்டியில ஏறுனப்புறந்தான் தெரிஞ்சுது. நீங்க மிதிக்கிறப்பல்லாம் அந்தக் காலு..."

பிள்ளையின் காலைத் தடவிக்கொடுத்தாள்.

"ஏன்ட்டி அப்பவே சொல்லல?"

"சொன்னா நீங்க மிதிச்சிருக்க மாட்டீங்க."

மிதிக்காமல் இருந்திருந்தால் மூன்று பேரும் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள். பெற்றவள் அத்தனை வளைவுக்கும் பிள்ளையின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு, அது முறுகுவதைப் பார்த்துக்கொண்டு, வாயைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பிள்ளையின் காலுக்கென்று ஓதிய எண்ணெயைப் பிரேக்குக்குள் ஊற்றிய சங்கையா சுவரில் முட்டி முட்டி அழுதான்.

அடுத்த பஸ்ஸில் கோவிந்தாபுரம் ஓடினான். வண்டி கைமாறிவிட்டது. எருத்தேன்பதி ஊர்க்காரர் ஒருவர் வாங்கி, அவரும் விற்றுவிட்டாராம். மலைப்பக்கம் வாடகைக்கு ஓட்டுகிற யாரோ கொண்டுபோனார்கள் என்று மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தேடுகிறான். கிடைத்தால் என்ன செய்வது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. உடைத்துப் போட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ!

மாரித்தாய்க்கு இப்போது பதினாலு வயசு. கட்டையை ஊன்றித்தான் நடக்கிறாள். அந்தக் காலில் நெருப்பை வைத்தாலும் தெரியாது. ஆனால் சில நாள், பூண்டு உரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கால் திடீரென்று விறைத்து நீளும். நடுங்கும். பிறகு தொய்யும். கொஞ்ச நேரத்தில் மறுபடி விறைக்கும். அப்போது மட்டும் உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

எந்த மலையிலோ எவனோ வண்டியை இறக்கிக்கொண்டிருக்கிறான்.

மூக்கம்மாள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள்.

"கொஞ்சம் பொறு தாயி... இந்தா, அடிவாரம் வந்துரும்."