ரீஸ்டார்ட் அடிக்காத அந்தக் காலை

ஆண்டவரில் பிரியமானவர்களே, நான் மணமேல்குடி எஸ்தர். புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நோயாளிகளின் படங்கள் மொத்தமும் இருந்த டிஸ்க்கில் நான் என் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அன்றுதான் வந்திருந்தோம். பூஜைக்காக எங்கள் ஆட்கள் எல்லா மிஷினையும் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, வயர்களைத் திரும்பச் சொருகியிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான், படங்களுக்கு இன்னொரு நகல் வைக்க நான் ஒரு புதிய டிஸ்க் மாட்டியிருந்தேன்; இன்னும் எதையும் அதில் நகலெடுக்கவில்லை. எங்கள் சர்வரில் எல்லாமே கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் செய்ய வேண்டும். டிஸ்க்குகளை அது ஏ, பி, சி என்றுதான் கூப்பிடும். புதியது சி என்று சீட்டில் குறித்திருந்தேன். வயர் இடம் மாறினால் எழுத்தும் மாறலாம். எனக்குத் தெரியாததா? ஆனால் என் கை வேகத்தில் எனக்கு அவ்வளவு பெருமை. ஏதோ எச்சரிக்கை வந்தது, படிக்காமல் தாண்டினேன். சி-யில் இருந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் பிரிப்பை, நீக்கி, புதிதாக இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டேன்.

பிறகுதான் அளவைப் பார்த்தேன். அது புதிய டிஸ்க் இல்லை, படங்கள் இருந்த டிஸ்க்.

"ஆண்டவரே, வேல போயிரக் கூடாது." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் முதல் ஜெபம் அதுதான். பழியைப் பூஜை போட்டவர்கள் தலையில் கட்டவும் மனசு வழி பார்த்தது.

அப்போது வரவேற்பில் இருக்கும் மல்லிகா அக்கா எட்டிப் பார்த்தார். "எஸ்தரு, திருவரங்குளத்துப் பாப்பாவோட அப்பா வந்துருக்காரு. நாளைக்கு மதுரையில ஆபரேசனாம். பழைய தலை ஸ்கேன் சிடி வேணுமாம்."

எனக்கு உயிரே இல்லை. அந்தக் குழந்தைக்கு நாலு வயது. முன்பு அந்தப் பழைய ஸ்கேனுக்காக மயக்க ஊசி போட்டபோது மூச்சுத் திணறி, எங்கள் கண் முன்னால் உதடு நீலமாகிப் பிழைத்தவள். படம் இல்லையென்றால் மறுபடியும் அந்த ஊசி.

விரல் ரீஸ்டார்ட்டுக்குப் போனது. எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் எங்களுக்கு முதல் வைத்தியம் அதுதானே! ஆனால் கை நடுங்கிய நடுக்கத்தில் ஒரு எழுத்துகூட அடிக்க முடியவில்லை. சர்வருக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன். "என் வேல போனாப் போகட்டும் ஆண்டவரே. அந்தப் புள்ளைக்கு மறுபடி ஊசி வேணாம்."

"என்னடி, வயரத் தேடுறியா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா." பொய்தான் சொன்னேன்.

எழுந்து வந்து, முதன்முறையாகத் திரையைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது, அடுத்த ரீஸ்டார்ட் வரை பழைய பிரிப்பே நடப்பில் இருக்கும் என்று போட்டிருந்தது. பாப்பாவின் படத்தைத் திறந்தேன். திறந்தது. ரீஸ்டார்ட் அடித்திருந்தால் அந்தப் படம் திறந்தே இருக்காது.

அந்தப் படத்தை நகலெடுக்கும்போதே கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியது. அது பத்து நிமிடம் தாங்கினாலே பெரிது; சர்வர் அணைந்தால் அதுவும் ரீஸ்டார்ட் அடித்த மாதிரிதான். வாய்விட்டே ஜெபித்தேன். ஏழாவது நிமிடம் கரண்ட் வந்தது. சிடி ஆனதும் எங்கள் சென்டர் டாக்டரிடம் போய் என் தவறை ஒளிக்காமல் சொன்னேன். திட்டினார். "மத்ததையும் மொதல்ல காப்பாத்தும்மா" என்றார். சாயங்காலத்துக்குள் எல்லாப் படங்களும் புதிய டிஸ்க்குக்கு வந்துவிட்டன.

அதற்கு வெகு நேரம் முன்பே பாப்பாவின் அப்பா சிடியை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "ரொம்ப நேரமாச்சேன்னு பயந்துட்டேங்க" என்றார். நான் வாசல் வரை கூடப் போய் வழியனுப்பினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் இப்போது ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் நிறுத்திப் படிக்கிறேன், தவறு செய்தால் உடனே சொல்லிவிடுகிறேன். பயத்தில் இருப்பவர்களே, நல்ல ஜெபம் வாயில் வரவில்லையே என்று தயங்காமல் அவரிடம் போங்கள். என் முதல் ஜெபம் கேவலமானது. இரண்டாவதை நான் சொல்லும் வரைக்கும் அவர் என் கையை விடவில்லை.