லாக் கேட்ட ஹேண்ட்லர்

1. எட்டரை மணி

அறந்தாங்கி தாண்டிக் கடற்கரையில் ஓர் ஐஸ் பிளான்ட். ஐஸ் பாரை உடைத்துக் கூடையில் கொட்டும் கிரஷருக்கு நாங்கள் செய்த கன்ட்ரோலர் பெட்டியை மாட்டி அன்று நான்காவது நாள். காலை எட்டரைக்கு அது நின்றுவிட்டது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை.

முதலாளி ஷாகுல் பாய் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சார், வெளிய அஞ்சு மீன்புடி போட்டு ஐஸுக்கு நிக்குது. பத்து மணிக்குள்ள ஓடலைன்னா ஒங்க பெட்டியக் கழட்டிருவேன். எங்க வாப்பா காலத்து ஸ்விட்ச் இன்னும் பத்திரமா இருக்கு."

எங்கள் சின்னக் கம்பெனிக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். இவர் பெட்டி ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து பிளான்ட்காரர்கள் முடிவெடுப்பதாக இருந்தார்கள். அவர்களில் இருவர் அப்போதே வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2. யார் எழுதிய வரி?

புதிதாக ரியல் டைம் ஓ.எஸ். படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். பெட்டிக்குள் ஓடும் ப்ரோக்ராமில் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க்; கிரஷரை ஓட்டி, கூடைக் கணக்கை டிஸ்ப்ளேயில் எழுதுவது ஒரு டாஸ்க். மூடியைத் திறந்தால் தனி ரிலே மோட்டாரை நிறுத்திவிடும்; யார் கைக்கும் ஆபத்தில்லை. அதே நேரம் டாஸ்க்குக்கு ஒரு சிக்னல் போகும். சிக்னல் சொல்லிவிட்டு வராது. டாஸ்க் எந்த வேலையில் இருந்தாலும் அதை அப்படியே நிறுத்திவிட்டு, சிக்னலைக் கவனிக்கவென்று எழுதிய சிக்னல் ஹேண்ட்லர் ஓடும். அது முடிந்தால்தான் விட்ட வேலை தொடரும்.

கூட வந்த ஸ்டெல்லா ஆவூர்க்காரி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். லேப்டாப்பைத் திறக்காமல் டிஸ்ப்ளேயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கூடை பதினேழுன்னு வரணும். ஒண்ணோட நிக்குது, ஏழக் காணோம்."

பாதி எழுதும்போது யாரோ மூடியைத் திறக்க, சிக்னல் வந்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் டிஸ்ப்ளேயில் எழுத ஒரு லாக், அதாவது பூட்டு, உண்டு; அது அப்போது டாஸ்க்கின் கையில். ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்டிருக்கிறது. ஹேண்ட்லர் முடிந்தால்தான் டாஸ்க் லாக்கை விடும். லாக் கிடைத்தால்தான் ஹேண்ட்லர் முடியும். இதற்கு மேல் எட்டரை மணி நகராது. மாட்டிக்கொண்டால் ரீசெட் செய்ய வாட்ச்டாக் உண்டே என்பீர்கள். 'எல்லாம் சரி' என்று யாராவது அவ்வப்போது தட்டிக்கொடுக்கும்வரை அது சும்மா இருக்கும்; அந்தத் தட்டும் வேலையை வேறொரு டாஸ்க்கிடம் விட்டிருந்தோம். அந்த டாஸ்க் கடமை தவறாமல் தட்டிக்கொண்டே இருந்தது.

"சிக்னல் ஹேண்ட்லர்ல லாக் கேக்கக் கூடாது. நம்ம ஆபீஸ் செக்லிஸ்ட்ல ஏழாவது வரி. அத எழுதினது யாரு சார்?"

"நான்தான்."

"ஹேண்ட்லருக்குள்ள டிஸ்ப்ளேல எழுதுற அந்த வரிய?"

முந்தாநாள் பாய் கேட்டிருந்தார்: "நின்னா நின்னேன்னு எழுத்துல சொல்லணும் சார். ஒண்ணும் சொல்லாம நிக்கிறதுக்கு எங்கிட்ட மச்சான் இருக்காரு." ஒரே வரிதானே என்று அங்கேயே உட்கார்ந்து சேர்த்தேன். ரிவ்யூ செய்பவனே நான். எனக்கு எதற்கு ரிவ்யூ?

"அதுவும் நான்தான்."

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. பாய் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

3. ஒன்பதே முக்கால்

ஹேண்ட்லர் இனி 'மூடி திறந்தது' என்று ஓர் அடையாளக் கொடியை, ஒரு ஃபிளாகை, மட்டும் ஏற்றும். டாஸ்க் தன் வேலையை முடித்து, லாக்கை விட்ட பிறகு ஃபிளாகைப் பார்த்து, நின்றதாக எழுதும். மாற்றியது மொத்தம் நான்கு வரி. டிஸ்ப்ளே எழுதுவதை வேண்டுமென்றே மெதுவாக்கி, எழுதும்போதே மூடியைத் திறந்து பார்த்தோம். பழைய ப்ரோக்ராம் ஒவ்வொரு தடவையும் மாட்டியது. புதியது ஒரு தடவைகூட மாட்டவில்லை. வேகத்தைப் பழையபடி வைத்து, புதியதையே பெட்டியில் ஏற்றினோம்.

"நான் தொறந்து பாக்கலாமா?" என்றார் பாய். பார்த்தார். திறந்தார், மூடினார், திறந்தார். ஒவ்வொரு தடவையும் 'நின்றது' என்று எழுத்து வர, மச்சானைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்.

வெளியிலிருந்து ஒரு படகுக்காரர் கத்தினார்: "பாய், வெளாடினது போதும், ஐஸ அனுப்புங்க!"

பத்து மணிக்கு முதல் கூடை இறங்கியது. வாசலில் நின்ற இருவரும் உள்ளே வந்து பெட்டியின் விலையைக் கேட்டார்கள். மதியம் பாய் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. ஸ்டெல்லாவுக்குத்தான் பெரிய துண்டு.

ஆபீஸ் திரும்பியதும் செக்லிஸ்ட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'எழுதியவர் மூத்தவராக இருந்தாலும் வேறொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.' ஸ்டெல்லாவிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன். அவள் திருத்தினாள்: 'எழுதியவர் மூத்தவராக இருந்தால் இருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.' நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது.